ஏற்கெனவே இருக்கு

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு இணையத்தில் தேடத் தொடங்குகிறார். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் இவருக்கு அடிக்கடி ஏதாவது யோசனை உதிக்கும். உதித்த கையோடு, அதை வேறு யாராவது செய்துவிட்டார்களா என்று பார்த்தாக வேண்டும். செய்திருப்பார்கள். உலகம் பெரிதல்லவா? "அட, ஏற்கெனவே இருக்குப்பா" என்று மடிக்கணினியை மூடுவார். முகத்தில் ஏமாற்றத்தைவிட நிம்மதிதான் கூடுதலாகத் தெரியும். பார்க்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அலுவலகத்தில் இவர் பெயரே 'ஏற்கெனவே'தான். "ஏற்கெனவே சாப்பிடப் போயிட்டாரு" என்றால் யார் போனார் என்று எல்லோருக்கும் தெரியும். இவர் கைவிட்ட யோசனை ஒன்றைப் பக்கத்து மேசைக்காரர் தேடிப்பார்க்காமலே செய்து, இன்று தனிக் கம்பெனி வைத்திருக்கிறார். அதற்கெல்லாம் இவர் வருந்துவதில்லை. வருந்துவது வேறொன்றுக்கு.

அப்பா தொலைபேசி இணைப்பகத்தில் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மறதி நோய் தொடங்கியபோது, வேளாவேளைக்கு மாத்திரை போடச் சொல்லி மகன் குரலிலேயே கூப்பிடும் ஒரு செயலி செய்தால் என்ன என்று இவருக்குத் தோன்றியது. பகலில் அப்பா வீட்டில் தனியாகத்தான் இருப்பார். வழக்கம்போலத் தேடினார். மாத்திரையை நினைவூட்டும் செயலிகள் கொட்டிக் கிடந்தன.

"இருந்தா இருக்கட்டுமே" என்றார் மனைவி. "ஊர்ல எல்லாருந்தான் தலை வாரிக்கிறாங்க. அதுக்காக நாம பரட்டையா திரியறமா? உங்க குரல்னா மாமா தட்ட மாட்டாருங்க."

"செஞ்சதையே செய்யறதுல என்ன இருக்கு?"

இருப்பதில் நல்லதாக ஒன்றைப் பார்த்து அப்பாவின் கைபேசியில் போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு பெண் குரல், "இது மாத்திரை சாப்பிடும் நேரம்" என்று சொல்லும். அப்பா பழைய தொழில் மரியாதையோடு முழுக்கக் கேட்டுக்கொள்வார். "சரிங்கம்மா, அவர் வந்ததும் சொல்லிடறேன்" என்று அணைத்துவிடுவார். மாத்திரை டப்பாவிலேயே கிடக்கும். தீர வேண்டிய மாத்திரை தீராமல் மிஞ்சியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் நோய் வெகுதூரம் போயிருந்தது.

இந்த முறை இவர் தேடவில்லை. ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து தன் குரலில் கூப்பிடும் அந்தச் செயலியை எழுதி முடித்துவிட்டார். பெரிய வித்தை ஒன்றுமில்லை. அன்றைக்கே செய்திருக்கலாமே என்ற நினைப்புதான் நெஞ்சை அரிக்கிறது. கதவோரம் நின்று பார்க்கிறார். அப்பாவின் கைபேசி ஒலிக்கிறது.

"அப்பா, நான்தான் பேசறேன். மாத்திரை போட்டுக்கங்கப்பா."

அப்பா நிமிர்ந்து உட்காருகிறார். கடைசி வார்த்தைவரை கவனமாகக் கேட்கிறார்.

"சரி தம்பி" என்கிறார். "உங்கப்பா வந்ததும் மறக்காம சொல்லிடறேன்."

பிறகு, எதிர்முனையில் இருப்பவருக்குச் சத்தம் கேட்டுவிடாதபடி, கைபேசியை மெதுவாக மேசைமேல் வைக்கிறார்.