முதல் பீஸ்

கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடையில் அலவி முதலாளியின் லேத் பட்டறையில் புதிதாக மெஷினில் நிற்கும் எவனும் தன் முதல் பீஸை எடுத்தவுடன் ஒரு கூத்து நடக்கும். போர்மன் பழனிமுத்து எங்கிருந்தாலும் போட்டது போட்டபடி வந்து நிற்பார். "காட்டு பாப்பம்" என்பார். மைக்ரோமீட்டரை எடுக்கமாட்டார், அளவு சரியா என்றும் கேட்கமாட்டார். துண்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். பிழைத்துப்போன பீஸாக இருந்தாலும் நல்லாருக்குதான். போர்மனுக்கு மறை கழன்றுவிட்டது என்று பொடியன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். யுத்தம் நடந்த தொண்ணூற்றெட்டில் அவர்கள் யாரும் அங்கே இல்லை.

அப்போது அவர் 'அவர்' இல்லை. மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து, லேத்துகளுக்கு அடியில் இரும்புச் சுருள் கூட்டி அள்ளிய வெறும் பழனிமுத்து. அந்த வருடம் முதலாளி ஜப்பானில் பாவித்துக் கழித்த, கம்பியூட்டர் புரோகிராமில் தானே ஓடும் சிஎன்சி லேத் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். பழைய லேத்காரர்கள் கிட்டவும் போகவில்லை. கைச்சக்கரம் இல்லாத மெஷினில் எதைப் பிடித்துத் திருப்புவது என்பது அவர்கள் சொன்ன நியாயம். பழுதாக்கினால் யார் தலையில் விடியும் என்பது உள்ளே கிடந்த பயம். இழக்க ஒன்றுமில்லாத பழனிமுத்து போய் நின்றான். மெஷின் விற்ற கம்பனி ஆள் சில நாள் காட்டிவிட்டுப் போக, மிச்சத்தைத் தட்டுத் தடுமாறித் தானே பிடித்தான். ஒருமுறை புரோகிராமில் ஒரு புள்ளியைப் போட மறந்ததில் வெட்டும் டூல் பாய்ந்து, பீஸைப் பிடிக்கும் சக்கில் இடித்து உடைந்தது. முதலாளி கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மெஷினுக்குத் தூசி ஆகாது, ஏசி வேண்டும் என்று சுற்றிவரக் கண்ணாடி அடைத்தார்கள். அதோடு பேச்சும் போயிற்று. வெளியே லேத்காரர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிச் சிரிப்பதை, சத்தமில்லாத படம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பான். கொட்டாஞ்சேனை அறைக்குப் போனாலும் அதே கதைதான். தங்கவைக்கும் தமிழரைப் பொலிஸில் பதியவேண்டும் என்று சட்டமிருந்தும், வீட்டுக்காரி மெற்றில்டா அவனைப் பதியாமல் பின்னறையை வாடகைக்கு விட்டிருந்தாள்.

"தம்பி, ஆரும் கேட்டா இஞ்ச இருக்கிறன் எண்டு சொல்லக்கூடாது. வாசலில நிண்டு கதைக்கவும் வேணாம்" என்று வந்த அன்றே வாயைக் கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேத்தண்ணிக் கடையில் "ஒரு பிளேன்ரீ" என்று சொல்வதுதான் அவனுடைய முழுநாள் பேச்சு. தனிமை என்றால் அப்படியொரு தனிமை.

பட்டறை வாசலில் ஒரு பால்மா டின் இருந்தது. வேலை முடிந்து போகிற தமிழ் ஆட்கள் பொக்கெற்றைத் தட்டிப் பார்த்து, நட்டோ வொஷரோ கிடந்தால் அதற்குள் போட்டுவிட்டுத்தான் படி இறங்கவேண்டும். முதலாளியின் கண்டிப்பான சட்டம் அது. குண்டு செய்கிறவன் என்று செக்பொயின்றில் ஆளை உள்ளே தள்ள ஒரு திருகாணி போதும்.

ஒரு சனிக்கிழமை, தானே புரோகிராம் எழுதி, தானே டூல் பூட்டி, காஸ் அடுப்புக்குப் போடுகிற பித்தளை ஜெட் ஒன்றைப் பழனிமுத்து எடுத்தான். விரல் நுனியளவுதான் இருக்கும். ஒரு பக்கம் திருகு மறை, நடுவே காஸ் வரும் ஊசித் துளை, பளபளவென்று மின்னியது. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தால் பட்டறை காலி. அரை நாள் வேலை என்பதால் எல்லோரும் போய்விட்டார்கள். முதலாளியும் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுக் கண்டிக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தார். யாரிடமாவது காட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது அவனுக்கு. டின்னுக்கு மேலே கையை நீட்டினான். பிறகு விரல்களை மடக்கி, ஜெட்டைப் பொக்கெற்றுக்குள்ளேயே போட்டுக்கொண்டான்.

களனிப் பாலத்தடிச் செக்பொயின்றில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பொலிஸ்காரன் அவன் பொக்கெற்றுக்குள் கைவிட்டு அதை வெளியே எடுத்தான்.

"மேக்க மொகக்த?"

இது என்ன என்ற கேள்விக்குப் பழனிமுத்துவிடம் விடை இருந்தது. அடுப்புச் சாமான், நான் செய்தது என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னான். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனதும் அங்கிருந்த பொலிஸ் பெரியவர் கேட்டதற்குத்தான் விடை இல்லை. யாருக்குக் கொண்டுபோகிறாய் என்றார் அவர். யாருக்கும் இல்லை, காட்டத்தான் என்றான். யாருக்குக் காட்ட என்றார்.

மெற்றில்டாவுக்கு என்று சொல்லியிருக்கலாம். உண்மையில் அவள் முகம்தான் மனதில் இருந்தது. சொன்னால், பதியாத குற்றத்துக்கு அவளையும் இழுத்துவருவார்கள். அவளை விட்டால் கொழும்பில் வேறு பெயர் உண்டா என்று தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. பெயரில்லாத ஆளுக்கு வெடிச்சாமான் போன்ற ஒன்றைக் கொண்டுபோகிறவனை எந்தப் பொலிஸ் விடும்? முதலாளியின் வீட்டிலும் மணி அடிக்கும் பட்டறை நம்பரை மட்டும் கொடுத்தான். பொறுப்பேற்க ஆள் வராவிட்டால் மேலிடத்து விசாரணைக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். மெஷின் போயிற்று, பிழைப்பும் போயிற்று என்று கூண்டுக்குள் குந்தியிருந்து அழுதான்.

வீட்டிலிருந்து சேதி போய், மறுநாள் பின்னேரம் கண்டியிலிருந்து நேரே அலவி முதலாளி வந்து இறங்கினார், கலியாணச் சட்டையைக்கூட மாற்றாமல். விஷயத்தைக் கேட்டதும், இவன் என் ஆள், சாமானும் என்னுடையது, எனக்குக் காட்டத்தான் எடுத்து வந்தவன் என்று சிங்களத்தில் ஒரே போடாகப் போட்டார். பச்சைப் பொய். ஆனால் ஒரு பெயர் கிடைத்ததும் பெரியவருக்குப் போதுமாக இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளை விட்டார்கள். ஜெட்டை மட்டும் ஒரு உறையில் போட்டு ஒட்டி, தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

வேனில் முதலாளி ஏசிக்கொண்டே வந்தார். "அந்த டின் என்னத்துக்கு ஈக்கிது? ஒனக்கு மூள இல்லையா?" கொஞ்சத் தூரம் போனதும் அவர் குரல் தணிந்தது.

"நீ தனியவா செஞ்ச?"

"ஆமாங்க மொதலாளி."

"மறையும் போட்டு?"

"ஆமாங்க."

அவர் வேனை ஓரங்கட்டினார். உள்ளங்கையை விரித்து நீட்டினார். "எங்க, காட்டு பாப்பம்."

பழனிமுத்துவின் கை தன்பாட்டில் பொக்கெற்றுக்குள் போய் வெறுங்கையாகத் திரும்பியது. அப்போதுதான் முதலாளிக்கும் நினைவு வந்தது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.

"சரி வுடு. நாளக்கி இன்னொண்டு செஞ்சி காட்டு."

"செய்றேங்க" என்றான் பழனிமுத்து. "ஆனா அது மொத பீஸா இருக்காதுங்களே மொதலாளி."