பதினாறாம் வாய்ப்பாடு

மகளின் பள்ளி விழாவில் சரியான பதில் சொன்ன ஒரு சிறுமிக்கு எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் என் கன்னம் எரிந்தது.

ஜீவனஹள்ளியில் நான் படித்த வகுப்பில், பதில் சொன்னவன் சொல்லாதவனை அறைய வேண்டும். சாரின் ஏற்பாடு அது. "வா மச்சா, கன்னத்த காட்டு" என்று டேவிட் தினமும் என்னை அறைந்தான். அந்த வெறியில்தான் பதினாறாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தேன். கணிதத்தின்மேல் எனக்கு வேறு காதல் இருந்ததில்லை.

ஒருநாள் அவன் திணறினான், நான் ஒப்பித்தேன்.

"காதுல சீழ் வடியுது மச்சா, மெதுவா அடி."

காதிலேயே அறைந்தேன். ரத்தம் வழிந்தது.

அதற்குப்பின் சாரின் கேள்விகள் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. தினமும் அறைந்தேன், இரக்கப்பட்டு மறு கன்னத்தில். முதல் ராங்க் எனக்கு வந்தது. பிராக்ரஸ் கார்டில் நடத்தைக்கு நேராக 'மிக நன்று' என்று சார் எழுதினார்.