உலகத்துக்குத் திரி வைத்தது யார்

திருத்தங்கலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பொன்மணி திரி சொருகுகிறாள். நாற்பதைத் தொடப்போகிறாள், கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஊரே கேட்டுச் சலித்துவிட்டது. அவளுக்கே தெரியாது, அமையவில்லை, அவ்வளவுதான். ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் அவளிடம் காரணம் சொல்லித்தான் தீர வேண்டும். வேன் பிந்தினால் ஏன், டீ கசந்தால் ஏன், ஆர்டர் குறைந்தால் ஏன். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு பொறி என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்த ஊர் அது. அவளைக் குறை சொல்ல முடியாது.

ஒருநாள் காலை, வேன் ரேடியோவில் யாரோ ஒருவர், இந்தப் பிரபஞ்சமே ஒரு பெருவெடிப்பில்தான் தொடங்கியது என்றார். வேன் முழுக்கப் பட்டாசுக்காரிகள். சிரிப்பு அடங்க நேரமானது.

“வெடிச்சுதுன்னா பத்த வச்சது யாரு? திரி எங்கன இருந்துச்சு?” என்றாள் பொன்மணி.

“சாமிதான் வச்சிருக்கும்,” என்றாள் பக்கத்திலிருந்த கருப்பம்மாள்.

“அப்ப சாமிக்கு யாரு திரி வச்சா?”

வேன் ஓட்டிக்கொண்டிருந்த காளீஸ்வரன் திரும்பாமலே சொன்னான். “எல்லாத்துக்கும் திரி வேணுமாக்கும்? அது பாட்டுக்கு இருந்திருக்கும்.”

“அது பாட்டுக்கு வெடிச்சா அதுக்குப் பேரு விபத்து, டிரைவரே.”

காளீஸ்வரன் ரேடியோவை அணைத்தான்.

ஆனால் மறுநாளும் அதே சண்டை, அதற்கு மறுநாளும். மனைவியை இழந்து சில வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்த காளீஸ்வரனுக்கு அது பிடித்துப்போனது. ஒரு சாயங்காலம் எல்லோரும் இறங்கியபின், கடைசியாக இறங்கப்போனவளிடம் கேட்டே விட்டான்.

“நாம கல்யாணம் முடிச்சுக்கிடுவமா?”

பொன்மணி இறங்கும் படியிலேயே நின்றாள். “ஏன்?” என்றாள். வேறு என்ன கேட்பாள்.

தனியாக இருக்கிறேன் என்றான். நாய் வளர்க்கச் சொன்னாள். சமைக்க ஆளில்லை என்றான். மெஸ் இருக்கிறதே என்றாள்.

“காரணம் கிடைச்சா சொல்லுங்க,” என்று இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனதும் அழுகை வந்தது. உருப்படியாக ஒரு காரணம் சொன்னால் அந்த மனுஷனுக்கு என்ன குறைந்துவிடும் என்று கோபமும் வந்தது. சரி என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரியாததுதான் பயமாக இருந்தது.

அடுத்து வந்த நாட்களில் அவன் ரேடியோவே போடவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், அதே கடைசி நிறுத்தத்தில், வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

“ஒண்ணு கேக்கணும். வேன்ல எல்லாரும் என்னைய அண்ணேங்குறாக. என்னைய விட மூத்தவுக, கருப்பம்மாக்கா, அவுகளும் அண்ணேங்குறாக. நீங்க மட்டும் வந்த நாள்ல இருந்து டிரைவரேங்கிறீக. ஏன்?”

பொன்மணி யோசித்துப் பார்த்தாள். அவன் மனைவி இருந்த காலத்தில் அவனைப் பற்றி அவள் எதுவும் நினைத்ததே இல்லை. அப்படிக் கூப்பிட யாரும் சொல்லித் தரவும் இல்லை. எங்கே தேடினாலும் ஒரு திரியும் அகப்படவில்லை. ஆனாலும் தினமும் காலையில் அந்த ‘டிரைவரே’ அவள் வாயில் இருந்திருக்கிறது.

“தெரியல. சும்மாதான்,” என்றாள்.

“நானும் அன்னைக்கு அப்படித்தான் கேட்டேன்.”

அவள் மறுபடியும் சீட்டில் உட்கார்ந்தாள். இருந்த பயம் போன இடம் தெரியவில்லை.

“ஞாயித்துக்கிளம எங்க அண்ணனப் பாக்க வாங்க.”

“திடீர்னு என்ன காரணம்னு கேப்பாரே.”

“நான் பாத்துக்கிடுதேன். உலகத்துக்கே காரணம் இல்லாம இருக்கலாம்னா, எனக்கு மட்டும் எதுக்குன்னு கேப்பேன்.”