அக்கா ஃபாலோவா?

மலேசியாவில் எங்கள் பக்கத்தில் 'ஃபாலோ' என்றால் பின்னால் போவது மட்டுமில்லை, கூடவே வருவதும்தான். கடைக்குக் கிளம்பும்போது "நீ ஃபாலோவா?" என்றுதான் கேட்போம். மலாயில் இரண்டுக்குமே 'ஈக்கூட்' என்று சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்.

கூலிம் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் வேலை செய்த அக்காவும் ஷிப்ட் முடிந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அதைத்தான் சொல்வார்: "தங்கச்சி, நான் ஃபாலோ பண்றேன் லா." எங்கள் தாமான் குடியிருப்பிலேயே அடுத்த வரிசையில் அவர் வீடு. நாலு வருஷம் என் மோட்டாரின் பின்சீட்டில் வந்தார். இடது தோளில் கை வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசுவார். போன வருஷம் டெங்கி வந்து ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மத்தியான வெயிலில் தனியாக வந்தேன். பழைய ரப்பர் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் நுழைந்ததும் மோட்டார் திணறியது, ஆள் ஏற்றிய வண்டி மேடு ஏறுகிற மாதிரி. இறங்கி டயரை அழுத்திப் பார்த்தேன். காற்று சரியாகத்தான் இருந்தது. மறுபடி ஏறி உட்கார்ந்தபோது இடது தோள் கதகதவென்றிருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தாமான் வாசலில் மலாய்க்காரக் காவலாளி தடுப்பைத் தூக்கினார். லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்தார், சாவு அவருக்குத் தெரியாது. என் பின்னால் பார்த்துச் சிரித்தபடி மலாயில் கேட்டார்: "என்ன, அக்கா இன்னைக்குப் பேசவே மாட்டேங்கிறாங்க?"

அன்று மகளிடம் 'ஃபாலோ' என்ற சொல்லைக் கைப்பேசியில் தேடச் சொன்னேன்.

"பழைய இங்கிலீஷ்லயே ரெண்டு அர்த்தமும் இருந்திருக்கும்மா. துரத்துறது, துணைக்குப் போறது." அவள் குரல் இறங்கியது. "வடக்கே பனி நாட்டு பாஷையில இதே வேர்ல இன்னொரு சொல்லு. ஆளோட கூடவே வர்ற ஆவிக்குப் பேராம்."

மறுநாளும் அதே பாதை, அதே பாரம். நேராக அக்கா வீட்டு கேட்டருகே போய் நிறுத்தினேன்.

"அக்கா, வீடு வந்துருச்சு. இறங்குங்க."

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அவர் கணவர் என்னைப் பார்த்தார். வந்து கேட்டை முழுசாகத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பின்சீட்டு மெல்ல எழும்பியது. வண்டி லேசானது.



"உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போம்மா" என்றார் பிறகு. அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துதான் முதன்முதலாக அக்காவுக்காக அழுதேன்.