மவுத்து நோட்டில் இல்லாத பெயர்கள்

கொட்டாரங்குளம் பள்ளிவாசல் ஜமாத்தில் ஹசன் அலி இருபத்திரண்டு வருஷம் எழுத்தராக இருந்தார். நிக்காஹ் பதிவது, வெளியூர்ச் சம்பந்தத்துக்கு நற்சான்று எழுதுவது, சவூதியில் இருக்கும் மாப்பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டுப் பெண்கள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவது என்று அவருக்கு வேலை ஓயாது. இத்தனையிலும் அவர் பெருமைப்பட்டுக்கொண்ட வேலை மவுத்து நோட்டுதான். ஊரில் யார் இறந்தாலும் அடக்கம் முடிந்து கை கழுவிய ஈரம் காய்வதற்குள் தேதி, கிழமை, நேரம், கபர் எந்த வரிசை என்று அதில் ஏற்றிவிடுவார். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

இறந்தது ஆண் என்றால் அவர் பெயர், வாப்பா பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் வரும். பெண் என்றால் 'செய்யது மனைவி', 'தையல்கார காதர் உம்மா', அவ்வளவுதான். நாலு பேர் புரட்டுகிற நோட்டில் பொம்பளை பெயரை எழுதுவது மரியாதை இல்லை என்று ஊருக்கு ஓர் எண்ணம். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார், இவரும் அப்படியே எழுதினார். உயிரோடு இருந்தபோது ஒரு வேளைச் சோறு தர யோசித்த பெண்களுக்கெல்லாம் செத்தபிறகு மரியாதையை வாரி இறைத்த ஊர் அது.

அந்தப் பெண்களைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தி அனுப்பி வைத்தவர் ஆபிதா பீவி. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளையும் இல்லை. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் மையத்தை, இறந்தவர் உடலை, குளிப்பாட்டுவார். கூலியாக ஒரு சேலையும் கொஞ்சம் அரிசியும் கிடைக்கும். ஹசன் அலியின் உம்மாவைக் குளிப்பாட்டியதும் அவர்தான். அன்றிலிருந்து ஹசன் அலிக்கு அவர் 'லாத்தா', அக்கா முறை. அறுபதைத் தாண்டியதும் ஆபிதா பீவிக்கு இளைப்பு வந்துவிட்டது. மையத்தைப் புரட்டிக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. ஆதரவற்ற முதியோர் பென்ஷனுக்கு ஹசன் அலி மூன்று தடவை மனு எழுதிக் கொடுத்தார். மூன்று தடவையும் ஒரே பதில்: தாலுகாவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை உண்டு, வாங்குகிறவர் யாராவது இறந்தால்தான் அடுத்தவருக்கு இடம்.

"பென்ஷன் வாங்குன பொம்பளைவ எத்தன பேர நா குளிப்பாட்டி அனுப்பிருக்கேன்" என்று ஆபிதா பீவி சிரித்தார். "எடம் காலியாவலன்னு சொல்லுதானே தம்பி, அவளுவ எல்லாம் எந்திரிச்சு ஆபீஸுக்கா போயிட்டாளுவ?"

ஹசன் அலியும் சேர்ந்து சிரித்தார். விளையாட்டுக்குச் சொன்னதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்று இரண்டு பேருக்குமே அப்போது தெரியாது.

தொண்ணூற்றாறு ஐப்பசியில், ஒரு மழை நாளில் தலையாரி தானியேல் குடையை மடக்கிக்கொண்டு ஜமாத்து ஆபீஸுக்குள் வந்தார். கையில் பென்ஷன் பட்டியல்.

"நாப்பத்தோரு பேரும் உசுரோட இருக்காவன்னு ஜமாத்து சீல் ஒண்ணு வேணும் பாய். பழைய முத்தவல்லி வருஷா வருஷம் போட்டுத் தருவாரு. இப்ப அவருதான் இல்லியே."

ஜமாத்துத் தலைவராக இருந்த அந்தப் பழைய முத்தவல்லி எதையும் படித்துப் பார்த்துச் சீல் போட்டவர் இல்லை. ஹசன் அலிக்கோ கையில் கிடைத்த காகிதத்தைப் படிக்காமல் விடும் பழக்கம் கிடையாது. 'ஆசியா உம்மாள், வயது எழுபத்தொன்று, கணவர் செய்யது' என்ற வரியில் வந்து நின்றார். யார் இது? நம் தெருவில் ஆசியா உம்மாளா? கதவு எண்ணைப் பார்த்ததும் ஆள் யாரென்று விளங்கியது. செய்யது மனைவி! நாலு வருஷத்துக்கு முன் அவள் கபரில் மூன்று பிடி மண் போட்டவர்களில் அவரும் ஒருவர். முப்பது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவளின் பெயர் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளோடு சேர்த்து, இறந்தவர்கள் பதினொரு பேர் பட்டியலில் இருந்தார்கள். பதினொரு பேருக்கும் மணியார்டர் போய்ச் சேரும் விலாசம் ஒன்றே. பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளரின் சிமெண்டுக் கடை.

"தானியேல், இதுல பதினோரு பேரு மவுத்தாயிட்டாங்கல்லா?"

தானியேல் வாசலைப் பார்த்தார். "நா தலையாரி பாய். எனக்கு என்ன தெரியும்? பைய சீலப் போட்டுத் தாரும்."

ஹசன் அலி போட்டுத் தரவில்லை. பெயர்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு நேரே ஆபிதா பீவி வீட்டுக்குப் போனார். கோபத்தைவிட அவருக்குச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. "லாத்தா, பதினோரு எடம் காலியாக் கெடக்கு. மொதல் எடம் உங்களுக்குத்தான்" என்றார். பாவம், மனிதர் அப்படித்தான் நம்பினார்.

கலெக்டரின் திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நின்று ஒரு மனுக் கொடுத்தார். நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசலுக்கு வந்த எம்.எல்.ஏ.விடம் இன்னொன்று கொடுத்தார். எம்.எல்.ஏ. நின்று நிதானமாகப் படித்து, தோளில் கை போட்டு, "செத்தவங்க பேர்ல திங்கவன் எவனா இருந்தாலும் விடமாட்டேன்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லி, 'உடனடி நடவடிக்கை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அன்றைய கஞ்சி ஹசன் அலிக்குத் தனி ருசியாக இருந்தது.

இரண்டு மனுவும் இரண்டு வழியாக மேலே ஏறி, பல கையெழுத்து வாங்கி, இரண்டு வழியாகவும் கீழே இறங்கி ஒரே மேஜைக்கு வந்து சேர்ந்தன. அது வருவாய் ஆய்வாளர் காந்திமதிநாதனின் மேஜை. அந்த நாற்பத்தொரு பேர் பட்டியலின் அடியில் வருஷா வருஷம் 'சரிபார்த்தேன்' என்று எழுதி வந்தவரும் அவரேதான்.

காந்திமதிநாதன் விசாரணைக்கு ஜமாத்து ஆபீஸுக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு மரியாதையாக வந்து உட்கார்ந்தார். கொடுத்த தேநீரைக் குடித்தார். மவுத்து நோட்டைப் புரட்டினார்.

"ஆசியா உம்மாள் எங்கன இருக்கு, காட்டும் பாய்."

ஹசன் அலி விரலை வைத்தார்.

"இதுல செய்யது மனைவின்னுல்லா இருக்கு? செய்யதுக்கு ஒரே மனைவிதான்னு எங்க எழுதியிருக்கு? உங்கள்ல நாலு வரைக்கும் உண்டும்லா?" அவர் சிரிக்காமல்தான் கேட்டார். "பேரு இல்லியே வே. பேரு இல்லாம நான் யார செத்துட்டான்னு எழுத?"

பதினொரு இடத்திலும் விரலை வைத்தார் ஹசன் அலி. ஓர் இடத்திலும் பெயர் இல்லை. எல்லாம் அவர் கைப்பட முத்து முத்தாக எழுதியது. பஞ்சாயத்திலும் அந்த இறப்புகள் பதியப்படவில்லை. சொத்து உள்ளவர் செத்தால் ஓடிப்போய்ப் பதிவார்கள். இந்தப் பெண்களுக்கு யார் ஓடுவது? எரிச்சல் முழுக்கத் தன்மேலேயே திரும்ப, அவர் நோட்டை மூடினார்.

விசாரணை என்று கேள்விப்பட்டு வந்து வாசலில் நின்ற ஆபிதா பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "நாந்தான்யா குளிப்பாட்டுனேன். பதினோரு பேரையும் இந்தக் கையாலதான் குளிப்பாட்டுனேன். ஆசியாவுக்கு வலது தோள்ல ஒரு மச்சம் உண்டு."

காந்திமதிநாதன் கோப்பில் தேடி ஒரு காகிதத்தை எடுத்தார். "நீங்க பென்ஷனுக்கு மனுப் போட்டிருக்கீங்கம்மா. அவ செத்தாத்தான் உங்களுக்கு எடம். அப்ப அவ செத்துட்டான்னு நீங்க சொல்லுதத நான் எப்படி எழுதிக்கிட முடியும்?"

ஆபிதா பீவி தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதம், விசாரணை முடியும்வரை என்று சொல்லி, நாற்பத்தொரு பேருக்கும் பென்ஷனை நிறுத்தினார்கள். சிமெண்டுக் கடையில் அதனால் அடுப்பு அணைந்துவிடவில்லை. உயிரோடு இருந்த முப்பது கிழவிகள்தான் ஹசன் அலி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. "ஒனக்கு நாங்க என்ன செஞ்சோம் வாப்பா?" என்று ஒருத்தி கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இரண்டாவது மாதமும் மணியார்டர் வரவில்லை. புது முத்தவல்லி ஷேக் மைதீன் கூப்பிட்டனுப்பினார்.

"ஏலே ஹசனு, செத்தவளுக்கு நீதி கேக்கப் போயி இருக்கவள சாவடிக்கியே. தாலுகா ஆபீஸ்ல கேட்டத எழுதிக் குடுத்துத் தொலை."

கேட்டதைத் தானியேல் கொண்டு வந்தார். டைப் அடித்த காகிதம். ஆசியா உம்மாள் முதலான நாற்பத்தொரு பேரும் உயிருடன் இருப்பதாகவும், தான் தவறான தகவலை நம்பிப் புகார் செய்ததாகவும் ஹசன் அலி சொல்வதாக அதில் இருந்தது. ஹசன் அலி எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரம் காத்திருந்தார். ஐயா சென்னைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். உள்ளே ஐயா இருமுவது வாசல்வரை கேட்டது.

காகிதத்தோடு ஆபிதா பீவி வீட்டுக்குப் போனார். படித்துக் காட்டும்படி ஆபிதா பீவி கேட்டார். படித்துக் காட்டினார்.

"அப்ப எனக்குன்னு சொன்ன எடம்?"

ஹசன் அலி காகிதத்தை மடித்தார்.

"நா குளிப்பாட்டுனதும் பொய்யின்னு ஆயிருமே தம்பி" என்றார் ஆபிதா பீவி. கொஞ்ச நேரம் இளைத்து இளைத்து மூச்சு வாங்கினார். "முப்பது பேரு பட்டினி கெடக்காளுவ. போட்டுக் குடுத்துருங்க."

அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்தே ஹசன் அலி கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமே நாற்பத்தொரு பேருக்கும் பென்ஷன் வந்தது. சொன்ன சொல் தவறாத ஆபீஸ்.

ஆபிதா பீவி இன்னும் இரண்டரை வருஷம் இருந்தார். ஹசன் அலி வீட்டிலிருந்து கஞ்சி போகும். சில நாள் குடிப்பார், சில நாள் திருப்பி அனுப்புவார். நாலாவது மனு எழுதட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். தொண்ணூற்றொன்பதில் அவர் இறந்தபோது குளிப்பாட்ட உள்ளூரில் ஆள் இல்லை. வள்ளியூர்ப் பக்கமிருந்து ஒரு பெண்ணை வரவழைக்க வேண்டியிருந்தது. அதுவரை மையத்து கிடந்தது.

அடக்கம் முடிந்து வந்து ஹசன் அலி நோட்டைத் திறந்தார். 'ஆபிதா பீவி, வயது அறுபத்தெட்டு, கணவர் காலஞ்சென்ற பீர் முகம்மது, கீழத்தெரு' என்று எழுதினார். அந்த நோட்டில் ஏறிய முதல் பெண் பெயர்.

"என்னலே இது, பொம்பள பேர எழுதி வச்சிருக்க?" என்று கேட்டார் ஷேக் மைதீன். செத்தபின் லாத்தா பெயரில் எவனும் வாங்கித் தின்னக்கூடாது என்றுதான் ஹசன் அலி எழுதினார். அந்தப் பயமே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெயர்தான் எந்தப் பட்டியலிலும் ஏறவே இல்லையே. அது நினைவுக்கு வந்ததும் மனிதர் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

பத்து நாள் கழித்துத் தானியேல் அந்த வருஷத்துப் பட்டியலோடு வந்து குடையை மடக்கி மூலையில் வைத்தார். நாற்பத்தொரு பேர். ஆசியா உம்மாள், வயது எழுபத்துநான்கு. வயதை மட்டும் வருஷம் தவறாமல் சரியாகக் கூட்டி வந்திருந்தார்கள். ஹசன் அலி ஜமாத்து சீலை மையில் தொட்டுப் பட்டியலின் அடியில் வைத்தார்.