குதிருக்குள் இருந்த சுருட்டு

எனக்கு ஒன்பது வயதில் ஊருக்குள் ஒரு கீர்த்தி இருந்தது. படிப்பில் இல்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தச் சொல்லுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. என் கீர்த்தியெல்லாம் மூக்கில்தான். கண்ணைக் கட்டிவிட்டு எந்தச் சுருட்டை நீட்டினாலும் இது உறையூர், இது திண்டுக்கல், இது கல்வராயன் மலைக்காரர்கள் தாங்களே சுருட்டிக்கொள்வது என்று சொல்லிவிடுவேன். பிடித்து எறிந்த துண்டாக இருந்தாலும் தப்பாது. பெண் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு பெருமையா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்தப் பெருமைக்குக் காரணம் என் மாமா. அம்மாவுக்குத் தம்பி. பட்டப்படிப்பு முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை என்று எங்கள் வீட்டுக்கு வந்து, நான்கு வருஷமாக வேலை கிடைக்காமல் இருந்தவர். பீடி பிடிப்பதும் சிகரெட் பிடிப்பதும் அவருக்கு அற்பமாகத் தெரிந்தன. சுருட்டு ஒன்றுதான் மனுஷன் பிடிக்கிறது என்பார். அவர் சுருட்டுப் பிடிப்பதைப் பார்க்க உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கத் தோன்றாது. தலைப்பக்கத்தைப் பிளேடால் வழவழவென்று சீவுவார். தீக்குச்சியைத் தொடாமல் காட்டி, உருட்டி உருட்டிச் சூடேற்றிவிட்டுத்தான் வாயில் வைப்பார். புகையை உள்ளே இழுக்க மாட்டார். சாம்பல் அரை விரல் நீளத்துக்கு உதிராமல் நிற்கும். “சுருட்டு வாயில இருந்தா எமனே ரெண்டு அடி தள்ளித்தான் நிப்பான்” என்று பீற்றிக்கொள்வார். அப்பாவுக்குப் புகை ஆகாது. மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கம் போய்ப் பிடிக்கச் சொல்லிவிடுவார்.

மாமாவின் சொத்து ஒரு தகர டப்பா. அம்மாவின் அப்பா புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரத் துரையின் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். துரை கப்பலேறியபோது அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். எந்தத் தேசத்துச் சுருட்டோ, மேலே இருந்த எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. துரையே பல வருஷம் வைத்திருந்து பக்குவம் பண்ணியதாம். அதற்குமேல் முப்பது வருஷம் எங்கள் ஆட்கள் கையில். டப்பாவைத் துணியில் சுற்றி நெல் குதிருக்குள் புதைத்து வைத்திருந்தார் மாமா. குதிருக்குள் காயவும் காயாது, பூசணமும் பிடிக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை, தாத்தாவுக்குப் படையல் போடும் நாளில், ஒன்றை எடுத்து இலையில் வைப்பார். கற்பூரம் அணைந்ததும், சாமி கும்பிட்ட பொருளை வீணாக்கக் கூடாது என்று தாமே பிடித்துவிடுவார். அந்த வாசனை எனக்கு வருஷத்துக்கு ஒரு நாள். பழைய வெல்லப்பானையைத் திறந்த மாதிரி, கூடவே மழை பெய்து நின்ற மண் மாதிரி. மற்றச் சுருட்டெல்லாம் தொண்டையில் கமறும். இது கமறாது.

அந்த வருஷம்தான் மாமாவுக்கு நல்ல காலம் எட்டிப்பார்த்தது. சர்வேயர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறிவிட்டார். போலீஸ் விசாரித்து, ஆள் மேல் குற்றம் குறை இல்லை என்று எழுதி அனுப்ப வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அம்மா பெண் பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ஒரு வாரம் சாலை மறியல். கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் வருகிற ரோட்டில் எங்கள் ஊர்த் திருப்பத்தில் நின்ற புளியமரம் ஒரு விடியற்காலையில் குறுக்கே விழுந்து கிடந்தது. பஸ் இல்லை, பால் வண்டி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. எங்களுக்குக் கொண்டாட்டம். விழுந்த மரத்தின் மேல் ஏறிப் புளியம்பிஞ்சு பறித்துத் தின்றோம். கடைகள் மூடிவிட்டதால் மாமாவுக்குத்தான் சுருட்டு இல்லாமல் முகம் தொங்கிப்போயிற்று.

நான்காம் நாள் காலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். திருக்கோவிலூர்ப் பக்கத்து மனிதர். வாசலில் செருப்பை அவிழ்க்கலாமா என்று யோசித்து நின்ற அளவுக்கு மரியாதைக்காரர். இரண்டு கான்ஸ்டபிள்களை வெளியிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தப்பா நெனச்சிக்காதீங்க வாத்தியாரே. மரத்தாண்ட ஒண்ணு கெடச்சுது. சுருட்டுன்னாலே ஊர்ல உங்க மச்சான் பேரத்தான் சொல்றாங்க” என்று சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

பாதிக்கு மேல் மிச்சமிருந்த சுருட்டு. தலைப்பக்கம் கரும்பைக் கடித்த மாதிரி குதறியிருந்தது. பக்கவாட்டில் இரண்டு மூன்று இடத்தில் தீக்குச்சி கருக்கியிருந்தது.

“நானும் இருவது வருசமா சுருட்டு புடிக்கறன். இது கடைல விக்கற சரக்கு இல்ல. இன்னான்னே எனக்குப் புரியல” என்றவர் என்னைப் பார்த்தார். “பாப்பாவுக்கு மூக்கு ஜாஸ்தின்னு சொல்லிக்கினாங்க. எங்க, இது இன்னா சுருட்டுன்னு சொல்லு பாக்கலாம்?”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளையின் கதையைக் கேட்டு எல்லாரும் சிரித்திருப்போம். நான் அந்தப் பிள்ளையைவிடக் கெட்டிக்காரி. போலீஸ்காரரே என் மூக்கைத் தேடி வந்துவிட்டார் என்கிற பூரிப்பில் அம்மா கண்ணைக் காட்டியது எனக்குத் தெரியவில்லை. ஒரு தரம் மோந்து பார்த்தேன். இரண்டாம் தரம் தேவையே இல்லை.

“இது எங்க மாமாவோட பழய சுருட்டு சார். குதிருக்குள்ள டப்பால கீது. வேற எங்கியும் கெடைக்காது” என்றேன். சொல்லிவிட்டு, கைதட்டுவார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன்.

யாரும் கைதட்டவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் பொட்டலத்தை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டார். அவர் குரல் மாறிவிட்டிருந்தது.

“அந்த மரத்தால மாசமான ஒரு பொம்பளய வலியோட கட்டில்ல வச்சித் தூக்கினு போயிருக்காங்க. ரெண்டு உசுரும் பொழச்சது அதுங்க நல்ல நேரம். அதனாலதான் இத நான் சும்மா வுடறதா இல்ல. இந்த வூட்ல ஆம்பள ரெண்டே பேரு. யாரு போனது?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். “சார்...” என்று அவர் வாயெடுத்ததும் மாமா ஓரடி முன்னால் வந்தார்.

“நான்தாங்க சார். அது என்னுதுதான்.”

சப்-இன்ஸ்பெக்டர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். “இது புடிக்கத் தெரியாதவன் புடிச்ச சுருட்டு. நீதான் பெரிய புடிகாரன்னு ஊரே சொல்லுதே. எங்க, ஒண்ணு எடுத்தாந்து பத்த வை. பாத்துட்டுச் சொல்றன்.”

மாமா குதிருக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்துவந்தார். படையல் நாள் இல்லாத நாளில் அது திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு ஒரே குஷி. மாமா இப்போது பிளேடு எடுப்பார், தீயில் உருட்டுவார், சாம்பலை நிறுத்திக் காட்டுவார், போலீஸ்காரர் வாயைப் பிளக்கப்போகிறார் என்று முன்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மாமா பிளேடு எடுக்கவில்லை. சுருட்டின் தலையை வாயில் வைத்து நறநறவென்று கடித்தார். புகையிலைத் தூள் உதட்டில் ஒட்டிக்கொண்டது. தீக்குச்சியைக் கொண்டுபோய்ச் சுருட்டின் விலாவிலே இடித்தார். அணைந்துவிட்டது. இன்னொன்று கிழித்தார். மூன்றாவது குச்சியில் பற்றிக்கொண்டதும் பீடி இழுக்கிற மாதிரி புகையை நெஞ்சுவரை இழுத்து, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய இருமினார். முப்பது வருஷத்துச் சுருட்டு அது. என்னால் தாங்க முடியவில்லை.

“அய்யே, இன்னா மாமா இப்டிப் பண்ற! சார், எங்க மாமா இப்டிப் புடிக்கவே மாட்டாரு சார்! பிளேடால சீவித்தான்...” என்று கத்தினேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி வாயைப் பொத்தினாள்.

“சார், அது...” என்று அப்பா மறுபடியும் ஆரம்பித்தார். மாமாவுக்கு அப்போது வந்த இருமலைப் போல ஒரு இருமலை நான் கேட்டதில்லை. வீடே அதிர்ந்தது. அப்பா சொன்னது இன்னதென்று ஒருவர் காதிலும் விழவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் மாமாவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “போலீஸப் பாத்தா பெரிய பெரிய சூரனுக்கே கை காலு ஒதறும் பாப்பா. உங்க மாமாவுக்கும் பயத்துல மறந்துபூட்ச்சி” என்றார். மாமாவின் வாயிலிருந்ததை வாங்கி நசுக்கி அணைத்து, பொட்டலத்தில் இருந்ததோடு சேர்த்து வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி கடிபட்டு, ஒரே மாதிரி கருகியிருந்தன.

“ரெண்டும் ஒரே வாய்தான்” என்று எழுந்து மாமாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அப்பா அவர் பின்னாலேயே வாசல்வரை போனார். “சார், ஒரு நிமிசம், நான் சொல்றதக் கேளுங்க” என்றார். சப்-இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்க்காமலே, “நீங்க உள்ள போங்க வாத்தியாரே. பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுதில்ல” என்றார். பள்ளிக்கூடம்தான் நான்கு நாளாக மூடிக்கிடக்கிறதே, இது கூடவா இவருக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மரத்தை வெட்டப் போன ஐந்து பேரில் அப்பா ஒருவர் என்பதை அம்மா எனக்குச் சொன்னது, எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து. அப்பா அதுவரை கோடாலியைத் தொட்டதே இல்லை. தன்னிடம் படித்து நல்ல மார்க் வாங்கிய பையன்கள் மேலே படிக்க இடம் கிடைக்காமல் திரும்பி வந்து அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டுவதை வருஷா வருஷம் பார்த்து மனசு கொதித்துக்கொண்டிருந்தவர், கூப்பிட்டதும் போய்விட்டார். போகும்போது பயம். சுருட்டு வாயில் இருந்தால் எமனே தள்ளி நிற்பான் என்று மச்சான் பீற்றிக்கொண்டது நினைவுக்கு வந்து, குதிருக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துப் போயிருக்கிறார். பாவம், கோடாலியைப் போலவே சுருட்டும் அவருக்குப் புதிது. சர்க்கார் பள்ளிக்கூட வாத்தியார் மேல் வழக்கு வந்தால் வேலை போகும், நாங்கள் தெருவில் நிற்போம். மாமாவுக்கு வேலை இன்னும் வரவே இல்லை. இல்லாததுதானே போகட்டும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அது போகத்தான் செய்தது. போலீஸ் விசாரணையில் அவர் பேருக்கு எதிரே என்ன எழுதினார்களோ, சர்வேயர் வேலை உத்தரவு வரவில்லை. எந்தப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று அந்த மரம் விழுந்ததோ, அவர்களில் ஒருவர்தான் மாமாவும். பிற்பாடு கல்வராயன் மலைக்குப் போய், அங்கே மரவள்ளிக்கிழங்கை எடை போட்டு லாரி ஏற்றும் வேலையில் சேர்ந்து, அதிலேயே தலை நரைத்தார்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? எனக்கு இருந்த ஒரே வருத்தம், என் மாமா போலீஸைக் கண்டு பயந்து சுருட்டுப் பிடிக்கவே மறந்துவிட்டார் என்பது. மானம் போயிற்று. கடலூர் ஜெயிலில் இருபத்திரண்டு நாள் இருந்துவிட்டு மாமா இளைத்துப்போய் வந்தார். அன்று சாயங்காலம் அவரைப் பார்க்க அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு நடந்ததைக் காட்ட வேண்டாமா? அப்பாவின் மேஜையிலிருந்து ஒரு முழுச் சாக்பீஸை எடுத்துவந்தேன். அதை நறநறவென்று கடித்தேன். இல்லாத தீக்குச்சியை அதன் விலாவில் இடித்தேன். கண் பிதுங்க இருமி, “நான்தாங்க சார்” என்று கையைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினேன். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மாமாதான்.

அப்பா எழுந்து வந்து என்னை அறைந்தார். அதற்கு முன்னும் அவர் என்னை அடித்ததில்லை, அதற்குப் பிறகும் அடித்ததில்லை. சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது.

“கொழந்தய இன்னாத்துக்கு அடிக்கறீங்க? அது சரியாத்தான் செஞ்சி காட்டுது” என்று மாமா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அப்பா கிணற்றடிப் பக்கம் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீயே சிரிக்கற. அவருக்கு மட்டும் இன்னாவாம்?” என்று தேம்பினேன்.

“முழு சாக்பீஸக் கடிச்சி வீணாக்கினா வாத்தியாருக்குக் கோவம் வராதா?” என்றார் மாமா.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. மறுநாள் காலையில் உடைந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி, மண்ணைத் துடைத்து, அப்பாவின் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வந்த அப்பா அவற்றையே பார்த்தபடி நின்றார். ஒன்றையும் தொடவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கிணற்றடிக்குப் போய்விட்டார். சாக்பீஸ் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.