பெயர்கேளிக்கு மாற்று வைக்க மறந்தவர்

நாகேந்திரம் நவரத்தினம் 1958ஆம் ஆண்டு அளவெட்டியில் பிறந்தார். 1984இல் கொழும்புக்கு வந்து, கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். மனைவி கனகேஸ்வரி. பிள்ளைகள் இல்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் குடியிருந்தார்கள். 1997இல் அந்த வீட்டில் ஞாயிறு பிற்பகல்களில் நான்கு பேர் கூடி ஒரு விளையாட்டு விளையாடினார்கள். இவ்வளவும் எவரும் மறுக்காத விபரங்கள்.

விளையாட்டு, இலண்டனிலிருந்த நவரத்தினத்தின் தம்பி அனுப்பிய ஒரு பெட்டியில் வந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கதைக்குள் நடப்பார்கள். வாள், வில், பேச்சு என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் புள்ளிகள் உண்டு. செய்ய நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். வழியில் எதிர்ப்படும் எதிரிகளைக் கொண்டுவருவது கதை நடத்துபவரின் பொறுப்பு. பெட்டியோடு வந்த வெள்ளைக்காரப் பூதங்கள் இரண்டு மாதத்தில் தீர்ந்துபோயின. பிறகு நவரத்தினம் தாமே எதிரிகளை அமைக்கத் தொடங்கினார்.

அவர் அதில் காட்டிய நிதானத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. ஓர் எதிரிக்கு வெறும் பலத்தைக் கூட்டுவது எவருக்கும் முடியும். சிறப்பு ஆற்றல் ஒன்றைக் கொடுத்து, அதனால் விளையாட்டுக் குலையாமல் பார்ப்பதுதான் வேலை என்று அவர் சொல்வார். அவருடைய ‘விளக்கு விழுங்கி’ முதலில் ஒவ்வொரு முறையும் அறையிலுள்ள வெளிச்சத்தையெல்லாம் விழுங்கியது. இருட்டுக்குள் ஒருவரும் ஒன்றும் செய்ய முடியவில்லை, செத்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்த வாரம் அவர் அதை மாற்றினார். விழுங்குவதற்கு முன் திரிகள் நடுங்கும். விழுங்கிய பின் சற்று நேரம் அதன் வயிறு ஒளிரும். அந்த ஒளியைக் குறிவைத்து அடிக்கலாம். ஆற்றல் அதேதான், பயமும் அதேதான். ஆனால் வருமுன் ஓர் அறிகுறி, பயன்படுத்தியதற்கு ஒரு விலை, அகப்பட்டவருக்கு ஒரு மாற்று என்று மூன்றும் சேர்ந்ததும் ஆட்டம் உயிர்பெற்றது. இந்த மூன்றும் இல்லாத எதிரியை மேசைக்குக் கொண்டுவருவதில்லை என்பது அவருடைய கட்டுப்பாடு.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: கனகேஸ்வரி, நவரத்தினத்தோடு வேலைசெய்த கொட்டாஞ்சேனைக் கிளறன்ஸ், கனகேஸ்வரியின் சின்னம்மா மகள் நேசமலர். நேசமலர் முந்தைய ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறித் திருகோணமலை வழியாக வந்து, கனடாவிலிருந்த கணவரின் அழைப்புக்காக அடுத்த ஒழுங்கையில் ஓர் அறையில் காத்திருந்தார். சிங்களம் தெரியாது. ஒருநாள் வீதியில் பொலிஸார் மறித்துப் பெயரும் ஊரும் கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் நின்றதால், ஓர் இரவு முழுவதும் பொலிஸ் நிலையத்தில் ஒரு மர வாங்கில் இருக்கவைத்து, விடிந்த பின் விட்டார்கள். அதன் பிறகு கடைக்குப் போனாலும் வேண்டியதை விரலால் காட்டி வாங்கி வருவார்.

“இஞ்சாருங்கோ, இந்த விளையாட்டில மட்டும்தான் அந்தப் பிள்ளை வாய் திறந்து நாலு வார்த்தை கதைக்குது,” என்று கனகேஸ்வரி கணவரிடம் சொல்லியிருந்தார். “அதைக் கெடுத்துப் போடாதேங்கோ.”

உண்மைதான். பகடை கைக்கு வந்தால் நேசமலர் வேறொரு பெண். அவருடைய பாத்திரம் வில்லாளி. மதிலேறி, கூரைமேல் குந்தியிருந்து அம்பெய்வாள். தப்பினால் நேசமலர் வாய்விட்டுத் திட்டுவார். தொடக்கத்தில் புள்ளிகளைப் பங்கிடும்போது நவரத்தினமே அவருக்கு யோசனை சொன்னார்: “பேச்சுக்குக் கிளறன்ஸ் இருக்கிறார். நீர் எல்லாத்தையும் வில்லுக்கும் கண்ணுக்கும் போடும்.” நேசமலர் அப்படியே செய்தார். பேச்சுக்கு, விதி அனுமதித்த ஆகக் குறைந்த புள்ளி.

கிளறன்ஸின் பாத்திரம் ஒரு வியாபாரி. அவன் வாளைத் தொடுவதேயில்லை. எல்லாரையும் பேசியே கவிழ்ப்பான். விளக்கு விழுங்கிக்கே மண்ணெண்ணெய் விலைபேசி விற்றுவிட்டான்.

“மச்சான், உன்ர பூதங்களுக்கு வாள் எதுக்கு? ஒரு பிளேன்டீ வாங்கிக் குடுத்தாப் போதும், காலை நீட்டிப் படுத்திடும்,” என்பார் கிளறன்ஸ்.

கனகேஸ்வரி விழுந்து விழுந்து சிரிப்பார். நவரத்தினமும் சிரிப்பார். ஆனால் ஓர் எதிரியை ஒரு வாரம் மனதில் வைத்துச் செதுக்கியவருக்கு அந்தச் சிரிப்பு முழுதாக வராது.

அந்த நவம்பரில், வேலை முடிந்து இருவரும் பஸ்ஸில் வரும்போது கொள்ளுப்பிட்டியில் சிப்பாய்கள் இறக்கி, இரண்டு விரலை அசைத்து ஒவ்வொருவராக அழைத்துச் சோதித்தார்கள். கொழும்பில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தும், சிப்பாயின் துவக்குக்கு முன்னால் நவரத்தினத்தின் சிங்களம் எப்போதும் தொண்டையிலேயே நின்றுவிடும். கிளறன்ஸ் இடையில் புகுந்தார். “அய்யே, மெயா கெதர நோனாட்டத் பயய்,” என்றார். இந்த ஆள் வீட்டில் பெண்சாதிக்கே பயந்தவர் என்று பொருள். சிப்பாய் சிரித்தான், அதே இரண்டு விரலை அசைத்துப் போகச் சொன்னான். நவரத்தினத்துக்குப் பேசத்தான் வராது, விளங்கும். பஸ்ஸுக்குத் திரும்பி ஏறும்போது அவர் நன்றி சொன்னார். வெள்ளவத்தைச் சந்தை வரும்வரை கிளறன்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்பதை நெருங்கிய ஆண் ஒருவருக்காக இன்னொருவர் வாய் திறக்க வேண்டியிருந்தது அவரைக் கூனிக் குறுக வைத்தது.

அந்த வாரந்தான் ‘பெயர்கேளி’ என்ற எதிரி பிறந்தது.

பெயர்கேளியின் நிழல் விழும் இடத்தில் ஒருவருக்காக இன்னொருவர் பேச முடியாது. அது பெயரைக் கேட்கும். அவரவர், தத்தம் பேச்சுப் புள்ளியைக் கொண்டே, பகடை உருட்டிப் பதில் சொல்லவேண்டும். தவறினால் கால் மரத்துவிடும். மறுபடி தவறினால் கை. மூன்றாம் தரம் தவறினால் ஆள் கல். நவரத்தினம் அதை மதிய இடைவேளையில் கடதாசியில் சோதித்துப் பார்த்தார். கிளறன்ஸின் வியாபாரியோடு மோதவிட்டார். வெற்றியும் தோல்வியும் ஏறக்குறையச் சமமாக வந்தன. திருப்திப்பட்டார். அறிகுறி, விலை, மாற்று மூன்றையும் அந்த எதிரிக்கு அவர் எழுதவில்லை. வில்லாளியோடு ஒருமுறையேனும் மோதவிட்டுப் பார்க்கவும் இல்லை. அந்த எதிரியை அமைத்தபோது அவர் மனதில் இருந்தது ஒரே ஒரு முகம்.

ஞாயிறு மழை பெய்தது. பெயர்கேளி வந்தது. வழக்கம்போல் நவரத்தினம் எதிரியின் குரலில் பேசினார். இம்முறை எழுந்து நின்றுகொண்டு, இரண்டு விரலை அசைத்து ஒவ்வொருவராக அழைத்தார்.

“நீ. முன்னுக்கு வா. பெயர் என்ன?”

கிளறன்ஸ் பகடையை உருட்டினார். பதினெட்டு. “வியாபாரி வந்தான், வணக்கம் சொன்னான், போயிட்டான். அடுத்த ஆளைக் கூப்பிடு மச்சான்!” கனகேஸ்வரியும் மயிரிழையில் தப்பினார்.

நேசமலர் உருட்டினார். தவறியது. கால் மரத்தது. மீண்டும் உருட்டினார். கை மரத்தது.

“பொறு பொறு, தங்கச்சிக்கு நான் கதைக்கிறன்,” என்றார் கிளறன்ஸ்.

“ஏலாது. அவரவர்தான் சொல்லவேணும். விதி.”

“என்ன விதி? ஆகாசத்தில இருந்து விழுந்ததே? நீ எழுதினதுதானே!”

“எழுதினால் எழுதினதுதான்.”

“இஞ்சாருங்கோ, விடுங்கோவன்,” என்றார் கனகேஸ்வரி.

விட்டிருக்கலாம். எதிரியை ஓரடி பின்வாங்க வைத்திருந்தால் போதும். கதை நடத்துபவருக்கு அந்த உரிமை எப்போதும் உண்டு. ஆனால் கிளறன்ஸ் சிரித்துக்கொண்டிருந்தார். நவரத்தினம் விரலை மறுபடி அசைத்தார்.

“உன்னைத்தான். பெயர் என்ன?”

நேசமலர் பகடையை எடுக்கவில்லை. எழுந்து, இரு கைகளையும் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் சொன்னார்: “நேசமலர். தகப்பன் பெயர் பூபாலசிங்கம். சொந்த இடம் அளவெட்டி. வந்தது கப்பலில. அவர் கனடாவில. ஸ்பொன்சருக்கு நிக்கிறன். பொலிஸில பதிஞ்சிருக்கு.”

அதற்குப் பிறகு அவர் குசினிக்குள் போய், எல்லாருடைய தேத்தண்ணிக் கோப்பைகளையும் கழுவினார். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்தவற்றையும் கழுவினார். கனகேஸ்வரி பக்கத்தில் போய் நின்றார். கிளறன்ஸ் மேசையைப் பார்த்தபடி, “மச்சான், இது எனக்கு வைச்ச அடி எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை என்ன செய்தது?” என்றார். நவரத்தினம் பகடைகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டார்.

அந்த வாரம் முழுதும் அவர் பெயர்கேளியைத் திருத்தினார். கணக்குப் பிழைத்தால் திருத்தலாம் என்று நம்பி வாழ்ந்தவர் அவர். இனிப் பெயர்கேளி வருமுன் சுவரிலிருந்து காரை உதிரும். கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் தன்னைப் பற்றிய உண்மை ஒன்றை அது சொல்லியாக வேண்டும். ஒருவர் கையை மற்றவர் பிடித்துக்கொண்டால் இருவரும் சேர்ந்து பதில் சொல்லலாம். நன்றாகத்தான் இருந்தது. அவர் அமைத்த எதிரிகளில் இதுவே மிகச் சிறந்தது என்று, அந்தக் குறிப்பைப் பின்னாளில் படித்த கிளறன்ஸ் சொன்னார்.

ஞாயிறு நேசமலர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நவரத்தினம் அடுத்த ஒழுங்கைக்குத் தனியே போனார்.

“வாங்கோ அத்தான், இருங்கோ. தேத்தண்ணி போடட்டே?”

வேண்டாம் என்று சொல்லி, கதிரை நுனியில் இருந்துகொண்டு, மூன்று திருத்தங்களையும் ஒவ்வொன்றாக விளக்கினார். அலுவலகத்தில் மேலாளருக்கு விளக்கும் அதே ஒழுங்கில் விளக்கினார். நேசமலர் கவனமாகக் கேட்டார்.

“அப்ப இனி நான் தோற்கமாட்டனே?”

“தோற்கலாம். ஆனால் தப்ப வழி இருக்கு.”

“வழி வைச்சது நீங்கள்தானே அத்தான். வேண்டாமெண்டு தோன்றினால் எடுத்தும் போடுவியள்.”

“அப்பிடிச் செய்யமாட்டன்.”

“கோபத்தில சொல்லேல்லை.” நேசமலர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். “அண்டைக்கு நீங்கள் எழும்பி நிண்டு விரலை ஆட்டினியள். அச்சு அசல் அவங்களைப் போலவே இருந்தது. எங்க பழகினியள் எண்டு யோசிச்சன். பிறகு விளங்கிச்சு. உங்களையும் அப்பிடித்தானே கூப்பிடுறாங்கள்.”

விரலை அசைத்தது அதுவரை நவரத்தினத்துக்கு நினைவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. விரலோடு சேர்த்து, அதை அசைத்தபோது உள்ளே எழுந்த சிறு இன்பமும். தன் முன்னால் ஒருவர் நடுங்குவதைப் பார்க்க அவருக்குப் பிடித்திருந்தது. பகடையும் புள்ளியும் விதியும் அதற்கு மேல் போர்த்திய போர்வை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவேண்டிய இடம் அது. வாய் வரவில்லை. “மழை வரப்போகுது,” என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். வாசல்வரை வந்து நேசமலர் குடை ஒன்றைக் கொடுத்தார்.

ஞாயிறு விளையாட்டு அத்தோடு நின்றது. கிளறன்ஸ் சில தடவை கேட்டுப் பார்த்து விட்டுவிட்டார். திருத்திய பெயர்கேளி ஒருநாளும் மேசைக்கு வரவில்லை. நவரத்தினம் வேறு எதிரி எதையும் அமைக்கவும் இல்லை. சோதனைச் சாவடிகளில் அவர் தாமே பதில் சொல்லப் பழகினார். தடுமாறித் தடுமாறிச் சொன்னார். சில நாள் அதற்காகவே நெடுநேரம் வெயிலில் நின்றார்.

1998இல் நேசமலர் கனடாவுக்குப் போனார். ஒவ்வொரு தீபாவளிக்கும் தொலைபேசியில் அழைப்பார். பெரும்பாலும் நவரத்தினம்தான் எடுப்பார். “சுகமோ?” என்று கேட்பார். “ஓம் அத்தான், நீங்கள் சுகமோ?” என்று பதில் வரும். கம்பியின் மறுமுனையில் அவர் காத்திருப்பது இவருக்குக் கேட்கும். பிறகு, “இந்தா, அக்காவோட கதையும்,” என்று கொடுத்துவிடுவார்.

நவரத்தினம் 2016இல் காலமானார். மன்னிப்புக் கேட்கும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு இருந்தது பதினெட்டு ஆண்டுகள்.